கடலில் ஒருவர் விழுந்துவிட்டால்...

ஒரு பெரிய சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் நீங்கள் நின்றுகொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சற்று முன்னால் வேலை செய்துகொண்டிருந்த மாலுமி ஒருவர் கால் தவறிக் கடலில் விழுந்துவிடுகிறார். உடனே என்ன செய்வீர்கள்?

இந்த வினாவை என் முதலாண்டு மாணவர்களிடம் ஆண்டுதோறும் கேட்பதுண்டு. "கப்பலை நிறுத்தச் சொல்வோம்" என்பர் பாதிப் பேர். "நானே குதித்துக் காப்பாற்றுவேன்" என்பர் இரண்டொரு வீரர்கள். "மிதவையைத் தூக்கி எறிவோம், அவர் அதைப் பிடித்துக்கொண்டால் பிழைத்துவிடுவார்" என்பர் சற்று யோசித்தவர்கள்.

முதல் விடை உடனே நடக்கக்கூடியதன்று. இரண்டாவது விடையினால் ஓர் உயிருக்குப் பதிலாக இரண்டு உயிர்கள் ஆபத்துக்குள்ளாகும். மூன்றாவது விடை சரியே. ஆனால் அது பாதி விடைதான். விழுந்தவரை மிதக்க வைப்பது ஒரு வேலை; அவரை நீரிலிருந்து வெளியே எடுப்பது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலை எளிது என்றுதான் எல்லோரும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தினால் பல உயிர்கள் போயின. அது ஏன் கடினமானது என்பதை விளக்க உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள ஆர்க்கிமிடீஸ் தத்துவமும் திரவ அழுத்தமுமே போதும்.

கப்பல் ஏன் உடனே நிற்பதில்லை?

கப்பலின் நிறை 50,000 டன் என்றும், வேகம் 15 நாட் என்றும் கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆகவே கப்பலின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.7 மீட்டர். சைக்கிளை வேகமாக மிதிப்பவரும் இவ்வேகத்தை எட்டுவார். ஆனால் கப்பலின் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சுமார் 150 கோடி ஜூல் வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 10 டன் லாரியின் இயக்க ஆற்றல் சுமார் 14 லட்சம் ஜூல்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட லாரிகளை ஒரே சமயத்தில் நிறுத்துவதும் இந்தக் கப்பலை நிறுத்துவதும் ஒன்றே. லாரிக்காவது பிரேக் உண்டு, சாலையின் உராய்வும் உண்டு. கப்பலுக்கோ எஞ்சினைப் பின்னோக்கிச் சுழற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஒரு நிமிடத்தில் கப்பல் 460 மீட்டர் போய்விடும். நீருக்கு மேலே தெரிவது விழுந்தவரின் தலை மட்டுமே. அவ்வளவு தொலைவில் ஒரு மனிதத் தலை, நான்கு மீட்டருக்கு அப்பால் வைத்த கடுகு அளவுக்குத்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கடுகும் அலைக்கு அலை மறைந்து மறைந்து தோன்றும்.

ஆகையால்தான் மாலுமிகளுக்கு முதற்பாடமாக மூன்று செயல்களைக் கற்பிக்கிறார்கள். உரக்கக் கத்து, கையருகே உள்ள மிதவை வளையத்தை எறி, விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை அவர் பக்கம் நீட்டிக்கொண்டே இரு. ஒருவருக்கு இது மட்டுமே வேலை. வேறு எதற்காகவும் அவர் பார்வையைத் திருப்பக்கூடாது. இதற்கிடையில் கப்பலின் ஊதுகுழல் மூன்று முறை நீளமாக ஒலிக்கும். சிவப்பும் மஞ்சளும் மூலைவாட்டில் பிரிந்த கொடி ஒன்று ஏறும். 'எங்கள் ஆள் ஒருவர் கடலில் விழுந்துவிட்டார்' என்று அருகிலுள்ள கப்பல்களுக்கு அறிவிக்கும் கொடி அது.

வளையம் தாங்குவது எவ்வளவு?

கப்பலின் ஓரங்களில் ஆரஞ்சு நிறத்தில் தொங்கும் மிதவை வளையத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் வெளிவிட்டம் 80 சென்டிமீட்டருக்கு மிகாது. உள்விட்டம் 40 சென்டிமீட்டருக்குக் குறையாது. நன்னீரில் 14.5 கிலோகிராம் இரும்பை 24 மணி நேரம் மூழ்காமல் தாங்க வேண்டும் என்பது அதற்கு வைக்கப்படும் தேர்வு. பாதி வளையங்களிலாவது தானாக எரியும் விளக்கு இணைந்திருக்கும். அது இரண்டு மணி நேரம் எரிய வேண்டும். கப்பலை ஓட்டும் அறையின் இரு புறமும் உள்ள வளையங்களுடன் 15 நிமிடம் நிறப்புகை விடும் கருவியும் சேர்ந்திருக்கும். ஆகவே வளையம் மிதப்பதற்கு மட்டுமன்று, இடத்தைக் காட்டுவதற்கும் பயன்படுகிறது.

14.5 கிலோகிராம் இரும்பைத் தாங்கும் வளையம் 60 கிலோகிராம் மனிதரை எப்படித் தாங்கும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மூழ்கிய இரும்பு தன் கன அளவுக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கிறது. இரும்பின் அடர்த்தி நீரைப்போல் 7.8 மடங்கு. எனவே 14.5 கிலோகிராம் இரும்பு இடம்பெயர்க்கும் நீர் 1.9 கிலோகிராம். நீரில் அதன் தோற்ற எடை 12.6 கிலோகிராம். வளையத்தின் உபரி மிதப்பு விசை இவ்வளவே.

மனித உடலின் அடர்த்தியோ நீரின் அடர்த்திக்கு மிக அருகில் உள்ளது. மூச்சை நிறைய இழுத்துக்கொண்டால் பெரும்பாலோர் மிதப்பர். மூச்சை முழுவதும் விட்டால் மெல்ல அமிழ்வர். ஆகவே கழுத்துவரை மூழ்கியிருக்கும் உடலை நீரே சுமந்துகொள்கிறது. வெளியே நிற்கும் தலையின் எடையை மட்டும், அதாவது ஐந்து கிலோகிராம் அளவுக்கு, யாராவது தாங்கினால் போதும். வளையம் அதைச் செய்கிறது. ஒரே வளையத்தை இருவர் பற்றிக்கொண்டாலும் அது அமிழாது.

'மிச்ச எடையை நீர் சுமக்கிறது' என்ற இந்தச் செய்தியை நினைவில் வைத்திருங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

மயங்கியவரைத் திருப்பும் அங்கி

வளையத்தைப் பிடித்துக்கொள்ள நினைவு வேண்டும். நினைவிழந்தவர் கவிழ்ந்து மிதந்தால் மூக்கும் வாயும் நீருக்குள் இருக்கும். அவரை மல்லாக்கத் திருப்பும் உயிர்காப்பு அங்கி வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தச் சிக்கலை ஆராய்ந்தவர்களில் ஒருவர் எட்கர் பாஸ்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். மயக்க மருந்துத் துறையில் வல்லவரான அவர் விமானப்படையின் உடலியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். நினைவுள்ள மனிதர் தம்மையறியாமல் தலையை நிமிர்த்திவிடுவார். பொம்மையோ மனித உடலைப்போல் துவளாது. ஆகவே பாஸ்க் தமக்கே மயக்க மருந்து கொடுக்கச் செய்து, நினைவிழந்த நிலையில் தம்மை நீரில் மிதக்கவிடச் சொன்னார். ஒவ்வோர் அங்கியாக அவருக்கு அணிவித்துச் சோதித்தார்கள். மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செலுத்தியிருந்ததால் அவரால் மூச்சுவிட முடிந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் அது உயிரைப் பணயம் வைத்த சோதனைதான்.

நல்ல அங்கியின் தத்துவம் எளியது. எடை உடலின் ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கிச் செயல்படுகிறது. மிதப்பு விசை மிதப்பு மையத்தில் மேல்நோக்கிச் செயல்படுகிறது. மிதக்கும் பொருளை மார்பிலும் கழுத்தைச் சுற்றியும் மிகுதியாக வைத்து, முதுகில் வைக்காமல் விட்டால், கவிழ்ந்த நிலையில் மிதப்பு மையம் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே வந்துவிடும். இது நிலையற்ற சமநிலை. சிறிது அசைந்தாலும் இரு விசைகளும் ஓர் இரட்டையாகி உடலைப் புரட்டிவிடும். இன்றைய அங்கிகள் சில விநாடிகளுக்குள் முகத்தை மேலே கொண்டுவந்துவிடுகின்றன.

வந்த வழியே திரும்புதல்

இப்போது கப்பல் திரும்ப வேண்டும். விழுந்தவர் வலப்புறம் விழுந்திருந்தால் சுக்கானை வலப்புறமே திருப்புவர். கப்பலின் முன்பக்கம் வலப்புறம் திரும்பும்போது பின்பக்கம் இடப்புறமாக ஒதுங்கும். அங்கே சுழலும் உந்துவிசிறியும் அவரைவிட்டு விலகும்.

ஆனால் வெறுமனே வட்டமடித்தால் கப்பல் பழைய பாதைக்குப் பக்கத்தில் வேறொரு பாதையில் போய்ச் சேரும். பகலில் அது போதும். இருட்டிலும் மூடுபனியிலும் போதாது. இதற்காக வில்லியம்சன் திருப்பம் என்ற முறை 1943 முதல் வழக்கில் உள்ளது. முதலில் ஒரு பக்கம் 60 பாகை திரும்பும்வரை சுக்கானை முழுவதும் திருப்பி, பிறகு எதிர்ப்பக்கம் முழுவதும் திருப்ப வேண்டும். கப்பல் ஒரு பெரிய கண்ணி போட்டதுபோல் சுற்றிவந்து, தான் வந்த பாதையின்மீதே எதிர்த்திசையில் திரும்பிவிடும். ஒரு தாளில் பென்சிலால் வரைந்து பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

அருகில் வந்ததும், காற்று வரும் பக்கத்தில் கப்பலை நிறுத்துவர். அப்போது கப்பலே ஒரு மதிற்சுவர்போல் காற்றை மறைக்க, மறுபக்கத்தில் அலை தணியும். அந்தப் பக்கத்தில் மீட்புப் படகை இறக்கலாம். ஐந்து நிமிடங்களுக்குள் இறக்கத் தயாராகும்படி இந்தப் படகு வைக்கப்பட்டிருக்கும்.

நீரின் குளிர்

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் நீர் உடலின் வெப்பத்தைப் பறித்துக்கொண்டிருக்கும். நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றினுடையதைப்போல் சுமார் 25 மடங்கு. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது சுமார் 1,500 பேர் இறந்தனர். அவர்களில் மிகப் பலர் தக்கையால் ஆன அங்கிகளை அணிந்து மிதந்துகொண்டுதான் இருந்தார்கள். நீரின் வெப்பநிலையோ பூஜ்யத்துக்கும் கீழே இரண்டு பாகை செல்சியஸ். படகு ஒன்றைத் திருப்பிக்கொண்டு வந்து தேடிய ஹெரால்ட் லோ என்ற அதிகாரி நால்வரை நீரிலிருந்து எடுத்தார். அவர்களில் ஒருவர் படகிலேயே இறந்துபோனார்.

பனிக்கடலில்தான் இந்த ஆபத்து என்று எண்ணிவிடாதீர்கள். 1963 டிசம்பரில் லக்கோனியா என்ற கிரேக்கப் பயணிக் கப்பல் அட்லாண்டிக் கடலில் மதீராத் தீவுக்கு வடக்கே தீப்பற்றியது. 128 பேர் இறந்தனர். அங்கே நீரின் வெப்பநிலை சுமார் 18 பாகை. மலைவாழிடத்தில் காலையில் குளிக்கும் நீரின் குளிர்ச்சிதான் அது. ஆயினும் பலர் அங்கியுடன் மிதந்தபடியே இறந்துகிடந்தார்கள்.

கடைசிச் சில அடிகள்

சரி, மீட்பவர்கள் வந்துவிட்டார்கள். விழுந்தவர் உயிரோடு இருக்கிறார், கையசைக்கிறார். ஒரு கயிற்றேணியை இறக்கினால் ஏறி வந்துவிடுவார் அல்லவா?

1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தை அடுத்த ஃபாஸ்ட்னெட் பாறையைச் சுற்றிவரும் பாய்மரப் படகுப் பந்தயம் நடந்தது. 303 படகுகள் கலந்துகொண்டன. புயலில் பந்தய வீரர்கள் 15 பேர் இறந்தனர். அவர்களில் சிலர் இரவெல்லாம் கடலோடு போராடி உயிர் தப்பியிருந்து, தம்மைக் காப்பாற்ற வந்த கப்பலில் ஏற முயன்ற வேளையில்தான் இறந்தார்கள்.

முதற்காரணத்தை நாம் முன்னரே பார்த்துவிட்டோம். மிதக்கும்போது உடலின் எடையை நீர் சுமந்தது. உடையில் ஊறியிருந்த நீருக்கும் நீருக்குள் எடை இல்லை. ஏணியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நீர் தன் பங்கைக் கைவிடுகிறது. ஐந்து கிலோகிராமாக இருந்த சுமை 60 ஆகி, ஊறிய உடையுடன் 70 கூட ஆகிறது. அதைத் தூக்க வேண்டியவை குளிரில் மரத்துப்போன விரல்கள்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. அதை அறிய ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஓட்டையில்லாத பாலிதீன் பைக்குள் கையை மணிக்கட்டுவரை விட்டு, ஒரு வாளி நீரில் மெல்ல இறக்குங்கள். பையின் வாய் நீருக்கு மேலேயே இருக்கட்டும். தளர்ந்திருந்த பை கையோடு ஒட்டிக்கொள்வதையும், விரல்நுனியில் இறுக்கம் மிகுவதையும் உணர்வீர்கள். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடுகிறது.

அங்கியோடு செங்குத்தாக மிதப்பவரின் பாதங்கள் 130 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ளன எனக் கொள்வோம். அங்கே நீரின் அழுத்தம் 1,300 மில்லிமீட்டர் நீர். இதைப் பாதரசத்தின் ஒப்படர்த்தியான 13.6 ஆல் வகுத்தால் சுமார் 95 மில்லிமீட்டர் பாதரசம். உடல் நலமுள்ளவரின் இரத்த அழுத்தம் 120-க்கு 80 என்று மருத்துவர் சொல்வார் அல்லவா? நீர் கால்களை அமுக்கும் அழுத்தம் அதனோடு ஒப்பிடத்தக்க அளவில் உள்ளது.

தரையில் நிற்கும்போது இரத்தம் தன் எடையால் கால்களில் தேங்கப் பார்க்கிறது. நீருக்குள் அப்படித் தேங்க முடிவதில்லை. வெளியிலுள்ள நீரின் அழுத்தமும் ஆழத்துக்கு ஏற்ப மிகுந்து, கால்களிலிருந்து இரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளிவிடுகிறது. குளிரில் தோலின் இரத்தக் குழாய்களும் சுருங்கி இதற்குத் துணை செய்கின்றன. 'இரத்தம் மிகுந்துவிட்டது' என்று உடல் தவறாக எண்ணிக்கொண்டு, சிறுநீரின் வழியே நீரை வெளியேற்றத் தொடங்குகிறது.

இந்நிலையில் அக்குளில் ஒரு கயிற்றைக் கட்டி அவரை நிமிர்ந்த வாக்கில் வெளியே இழுத்தால் என்ன ஆகும்? கால்களை அமுக்கிக்கொண்டிருந்த அழுத்தம் சில விநாடிகளில் மறைந்துவிடும். ஏற்கெனவே அளவில் குறைந்த இரத்தம் கால்களுக்கு இறங்கும். இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறையும். குளிர்ந்த இதயத்தால் ஈடுகொடுக்க முடியாமல் மயக்கம் வரும். சிலருக்கு இதயமே நின்றுவிடும். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவரான ஃபிராங்க் கோல்டனும் அவருடைய தோழர்களும் மீட்பு நேரத்தில் நேரும் இத்தகைய சரிவுகளை ஆராய்ந்து 1991-இல் விரிவாக எழுதினார்கள். காப்பாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தில் மனம் தளர்வதும் இதில் ஒரு காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர்.

படுத்த நிலையிலேயே எடுத்தல்

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. விழுந்தவரைக் கிடந்த நிலையிலேயே தூக்க வேண்டும். அப்போது காலும் இதயமும் ஒரே மட்டத்தில் இருக்கும்; இரத்தம் இறங்குவதற்கு இடமில்லை. ஹெலிகாப்டரிலிருந்து தூக்கும்போது ஒரு பட்டையை அக்குளிலும் மற்றொன்றை முழங்காலுக்குக் கீழும் கோத்து, உட்கார்ந்தாற்போல் எடுக்கிறார்கள்.

படகிலிருந்து எடுப்பதற்கு ஓர் அழகான வலை உண்டு. அதன் ஒரு விளிம்பு படகின் ஓரத்தில் கட்டப்பட்டிருக்கும். மறு விளிம்பு நீருக்குள் இறங்கி, விழுந்தவரின் உடலுக்கு அடியில் சென்று மேலே வரும். அந்த விளிம்பை இழுத்தால் அவர் வலையில் கிடந்தபடி படகின் பக்கவாட்டில் உருண்டு மேலே வருவார். பெரிய மரத்தடிகளின் அடியில் கயிற்றைக் கொடுத்து லாரியில் உருட்டி ஏற்றுவதும் இதே முறைதான். கயிற்றின் ஒரு முனை நிலையாக இருப்பதால் இது ஓர் இயங்கு கப்பிபோல் வேலை செய்கிறது. 90 கிலோகிராம் எடையைத் தூக்க 45 கிலோகிராம் விசை போதும். இருவர் இழுத்தால் ஆளுக்கு இருபத்திரண்டரை. ஒரு மீட்டர் உயர்த்த இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும் என்பதே இதற்குக் கொடுக்கும் விலை.

மேலே வந்த பிறகும் அவரை நடக்கவிடக் கூடாது. படுக்க வைத்து, ஈர உடையை மாற்றி, போர்த்திவிட வேண்டும். கைகால்களைத் தேய்ப்பதும் மது கொடுப்பதும் தீமையே செய்யும்.

டைட்டானிக் விபத்துக்குப் பிறகு 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கென முதல் பன்னாட்டு ஒப்பந்தம் உருவாயிற்று. அதன் வழிவந்த இன்றைய ஒப்பந்தத்தில், நீரில் விழுந்தவரை எப்படி வெளியே எடுப்பது என்பதற்கு ஒவ்வொரு கப்பலும் தனக்கென ஒரு திட்டம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 ஜூலை முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. படகுகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கியதற்கும், கடைசிச் சில அடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதற்கும் இடையே நூறு ஆண்டுகள் ஆயின.

நம் ஊர்க் குளத்தில்

நம்மில் பெரும்பாலோர் கப்பலில் போகப்போவதில்லை. ஆனால் ஊர்தோறும் ஏரியும் குளமும் கிணறும் உள்ளன. அங்கேயும் மூழ்குபவரைக் காப்பாற்றக் குதித்தவர் சேர்ந்து மூழ்கிய செய்தியை நாளிதழில் படிக்கிறோம். தத்தளிப்பவர் எதையாவது பற்றிக்கொண்டு மேலே வரப் பார்ப்பார். அருகில் வருபவரின் தோளையும் கழுத்தையுமே பற்றுவார்.

அவர் பற்றுவதற்கு வேறொன்றைக் கொடுங்கள். மூடியுள்ள 15 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் காலியாக எடுத்து மூடியை இறுக்குங்கள். முழுவதும் அமிழ்ந்தால் அது 15 கிலோகிராம் நீரை இடம்பெயர்க்கும். கேனின் எடை ஒரு கிலோகிராம் என்றே கொண்டாலும் மிச்சம் 14. கப்பலின் மிதவை வளையத்துக்கு நாம் கணக்கிட்டது 12.6 அல்லவா? கேன் வழுக்கும், ஆகவே கைப்பிடிக்கு வசதியாக அதைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். ஒரு நீளக் கயிற்றின் முனையை அதில் முடிந்து, மறுமுனையைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். கேனை அவருக்கு அப்பால் எறிந்து, கயிறு அவர் கைக்கு எட்டும்படி இழுங்கள். கேன் இல்லாவிடில் நீண்ட கழி, வேட்டி, சேலை எதுவும் உதவும். கூச்சலிட்டுப் பெரியவர்களை அழையுங்கள். நீங்கள் கரையிலேயே படுத்தபடி நீட்டுங்கள்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். அவற்றால் வீணாவது நேரம்தான். மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் பயிற்சி பெற்றவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்திச் சிகிச்சையை அங்கேயே தொடங்க வேண்டும். மற்றொருவர் 108-க்குத் தொலைபேசியில் சொல்லட்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவரிடம் கொண்டுபோகாமல் விடக்கூடாது.

உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் கயிறு கட்டிய கேன் ஒன்று எப்போதும் தொங்கட்டும். ஆசிரியரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் சொல்லி இந்த விடுமுறையிலேயே ஏற்பாடு செய்யலாம். அதை நீர் எடுக்க யாரும் கொண்டுபோய்விடாமல் இருக்க, அது எதற்காக இருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் அதன்மேல் எழுதிவிடுங்கள்.